கடலில் கொட்டிய அட்டைகள்

2022 ஓகஸ்டில் அமெரிக்காவில் ஒரு கடதாசி அட்டை 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய அட்டை. 1952 இல் டொப்ஸ் என்ற சுவிங்கம் கம்பனி அச்சடித்தது. நியூயோர்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மான்டில் தோளில் மட்டையோடு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்து டொலர் விலைக்குக் கணக்குப் பார்த்தால் எங்கட காசில ஏறத்தாழ 450 கோடி ரூபா. அதே ஓகஸ்டில் நாங்கள் கியூஆர் கோட்டைக் காட்டிக்கொண்டு பெற்றோல் வரிசையில நிண்டனாங்கள் எண்டதை ஒரு பக்கம் வைப்பம்.

வெளிவந்த காலத்தில் அந்த அட்டைக்குத் தனியாக ஒரு விலை இருக்கவில்லை. ஒரு சதத்துக்கும் ஐந்து சதத்துக்கும் விற்ற சுவிங்கம் பக்கற்றுக்குள் சும்மா வந்தது. சுவிங்கத்தைச் சப்பின பிறகு பெடியள் அட்டையைச் சுண்டி விளையாடினார்கள், றப்பர் பாண்ட் போட்டுக் கட்டினார்கள், சைக்கிள் சில்லுக் கம்பிக்குள் செருகி மோட்டார் சைக்கிள் மாதிரிச் சத்தம் வரப்பண்ணினார்கள். பிறகு பெடியள் வளர்ந்து கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போக, தாய்மார் பெட்டியோடு குப்பையில் போட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு பொருளுக்கு 12.6 மில்லியன் எங்கிருந்து வந்தது எண்ட கேள்விக்குப் பின்னால் போனால் சிகரெட், சுவிங்கம், தொழிற்சங்கம், நிறவாதம், மோசடி எண்டு அமெரிக்க வரலாற்றின் பாதி வந்து நிற்கிறது. அட்டை வாங்கிப் பணக்காரராகும் வழியைத் தேடி வந்தவர்கள் இங்கேயே நிறுத்தலாம்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. எங்கட பள்ளிக்கூடங்களில் விளையாடுகிற எல்லேயை நினைத்துக்கொள்ளுங்கோ. பந்தை அடிச்சுப்போட்டுச் சுற்றி வர ஓட வேணும், இடையிடையே நிற்க இடங்கள் இருக்கும். அடிப்படையில் அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலேயே அது சம்பளத்துக்கு ஆடும் தொழிலாக, ஒரு நாட்டின் பொழுதுபோக்காக மாறிவிட்டது.

அட்டையைக் கண்டுபிடித்தது விளையாட்டு இல்லை, புகையிலை. 1880களில் சிகரெட் பெட்டி மெல்லிய கடதாசியால் செய்யப்பட்டது. உள்ளே சிகரெட் நசியாமல் இருக்க ஒரு தடித்த மட்டைத் துண்டு வைப்பார்கள். அந்த மட்டை வெறுமையாக இருப்பதைப் பார்த்த ஆரோ ஒருவருக்கு அதில் படம் அடிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. நடிகைகள், கொடிகள், பறவைகள், குத்துச்சண்டைக்காரர்கள், பேஸ்போல் வீரர்கள். நியூயோர்க்கின் குட்வின் கம்பனி தனது ஓல்ட் ஜட்ஜ் சிகரெட்டுக்காக 500க்கும் அதிகமான வீரர்களைப் படம் பிடித்தது. அந்தக் காலத்துக் கமராவுக்கு ஓடுகிற பந்தைப் பிடிக்கத் தெரியாது. அதனால் ஸ்டூடியோவுக்குள் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வீரர் அதைப் பிடிக்கப் பாய்கிற மாதிரி நிற்பார். சில அட்டைகளில் நூலும் தெரிகிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த விசயம் இந்த நூல்தான்.

இந்த அட்டைப் போட்டிக்குப் பின்னால் ஒரு யந்திரம் இருந்தது. ஜேம்ஸ் பொன்சக் என்ற இளைஞர் 1881 இல் காப்புரிமை பெற்ற சிகரெட் சுற்றும் யந்திரம் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சிகரெட் சுற்றியது. கையால் சுற்றிய தொழிலாளிகளால் அதன் கிட்டவும் வர முடியவில்லை. இவ்வளவு சிகரெட்டையும் ஆருக்கு விற்பது? விளம்பரம் தேவைப்பட்டது, அட்டைகள் குவிந்தன. 1890 இல் ஜேம்ஸ் பியூகனன் டியூக் பெரிய ஐந்து கம்பனிகளை ஒன்றாக்கி அமெரிக்கன் டுபாக்கோ கம்பனியை உருவாக்கினார். போட்டி முடிந்தது, அட்டைகளும் நின்றன. ஏகபோகக்காரனுக்கு வாடிக்கையாளரைப் பிடிக்க இனாம் எதற்கு? பிறகு 1909 அளவில் போட்டி திரும்ப வந்தபோதுதான் அட்டையும் திரும்ப வந்தது. 1909 முதல் 1911 வரை அந்தக் கம்பனி 16 சிகரெட் வகைகளோடு வெளியிட்ட வண்ண அட்டைத் தொகுதியை இன்று டி206 என்கிறார்கள். 520 வரையான அட்டைகள். 1911 இல் உயர்நீதிமன்றம் அந்த ஏகபோகத்தைக் கலைத்தது, தொகுதியும் அதோடு முடிந்தது.

டி206 என்றாலே எல்லாரும் சொல்லும் பெயர் ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணி. ஜேர்மன் குடியேறிகளின் மகன், 12 வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1936 இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலில் தெரிவான ஐந்து பேரில் ஒருவர். அவருடைய அட்டை அச்சேறிய கொஞ்சக் காலத்திலேயே நிறுத்தப்பட்டது. இன்று இருப்பது ஐம்பது அறுபது பிரதிகள்தான். ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு இரண்டு கதைகள். தன் படத்துக்காகச் சின்னப் பிள்ளைகள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒன்று. தனக்குக் காசு தராமல் தன் முகத்தைப் பாவிக்கிறார்கள் என்று கோபப்பட்டார் என்பது மற்றது. முதற்கதை கேட்க நல்லாயிருக்கு. ஆனால் வாக்னர் புகையிலை மெல்லுபவர், அதற்கு முந்தியே சுருட்டு விளம்பரம் ஒன்றில் தோன்றியவர். இரண்டாவது கதை உண்மையாக இருந்தால் அவருக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று பலர் நினைப்பதுதான் எனக்கு விளங்குவதில்லை. தன் முகத்துக்குக் கூலி கேட்பது என்ன குற்றம்?

டி206 என்ற பெயரைக் கம்பனி வைக்கவில்லை. அது ஜெஃபர்சன் பேர்டிக் என்ற மனிதர் பிறகு வைத்த இலக்கம். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரத்தில் மின்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர், தனியாள், மூட்டுவாதத்தால் கைகள் மடங்கிப்போனவர். ஒருவரும் சீண்டாத அட்டைகளை 300,000க்கும் மேல் சேர்த்தார். பேஸ்போல் மட்டும் 30,000க்கு மேல். இவைகளை வகைப்படுத்த ஒரு முறையே இல்லாதிருந்தபோது தானே ஒரு பட்டியலை உருவாக்கினார். டி என்றால் 20ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 206 அதில் வரிசை எண். இன்றைக்கும் மில்லியன் கணக்கில் வாங்கி விற்கிற ஆக்கள் பாவிப்பது இந்தத் தொழிலாளியின் குறியீட்டைத்தான். அவருடைய பட்டியலில் வாக்னர் அட்டையின் விலை 50 டொலர். அப்போது அது பைத்தியக்கார விலை.

1940களின் பிற்பகுதியில் அவர் முழுத் தொகுப்பையும் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்குக் கொடுக்கத் தொடங்கினார். அங்கிருந்த அச்சுப்பிரிவுப் பொறுப்பாளர் ஹையட் மேயர் இவைகளை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஒழுங்குபடுத்துவது பேர்டிக்கின் வேலை. ஆண்டுக்கணக்காக நூதனசாலையில் ஒரு மேசையில் இருந்து, நோகிற கைகளால் ஆல்பங்களில் ஒட்டிக்கொண்டே இருந்தார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார்.

ஒட்டினார் என்பதைக் கவனியுங்கோ. இன்றைய அட்டைச் சந்தையில் பின்பக்கம் பசை பட்டால் அட்டை பழுதுபட்டது, விலை விழுந்துவிடும். உலகத்தின் மிகப்பெரிய தொகுப்பைக் காப்பாற்றிய மனிதர் சந்தைக் கணக்கில் ஆயிரக்கணக்கான அட்டைகளைப் பழுதாக்கியவர். வரலாறு படிக்கிற ஆள் என்ற முறையில் நான் பேர்டிக்கின் பக்கம். ஒரு மூலாதாரம் பார்க்கக்கூடியதாக, தேடி எடுக்கக்கூடியதாக இருக்க வேணும். மூலை மடங்கியிருந்தாலும் பரவாயில்லை.

இனி சுவிங்கம். முதலாம் உலகப்போருக்குப் பிறகு அட்டைகள் மெல்ல மிட்டாய்க்கும் சுவிங்கத்துக்கும் மாறின, அதாவது பெரிய ஆக்களின் பொருளில் இருந்து பிள்ளைகளின் பொருளுக்கு. 1933 இல் பொஸ்டனின் கௌடி கம்பனி 240 அட்டைகள் கொண்ட தொகுதி வெளியிட்டது. பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு அட்டை. ஆனால் 106ஆம் இலக்கம் எந்தப் பக்கற்றிலும் இல்லை. பெருமந்தக் காலத்தில், வீட்டில் சோத்துக்கே கஸ்டப்பட்ட பிள்ளைகள் 106ஐத் தேடிச் சதம் சதமாய்க் குடுத்துச் சுவிங்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். முறைப்பாட்டுக் கடிதம் எழுதினவர்களுக்குத்தான் அடுத்த வருசம் நாப் லாஜுவே என்ற பழைய வீரரின் படத்தோடு 106ஐத் தபாலில் அனுப்பினார்கள். கிடைக்காத ஒன்றை வேண்டுமென்றே உண்டாக்கும் தந்திரம் அப்போதே இருந்திருக்கிறது. பிறகு வருவதற்கு இதை ஞாபகம் வைத்திருங்கோ.

டொப்ஸ் புரூக்ளினில் 1938 இல் தொடங்கிய கம்பனி. 1951 இலையுதிர் காலத்தில் அதன் ஊழியர் சை பேர்கர், சக ஊழியர் வூடி கெல்மனோடு தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து 1952க்கான தொகுதியை வடிவமைத்தார். பெரிய அளவு, பளிச்சென்ற நிறம், அணியின் சின்னம், வீரரின் கையெழுத்தின் பிரதி, பின்பக்கத்தில் அவருடைய ஓட்டங்கள், சராசரிகள். அதற்குப் பிறகு வந்த எல்லா அட்டையும் இந்தக் குசினி மேசையின் பிள்ளைதான். மொத்தம் 407 அட்டை, பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். 311 முதல் 407 வரையான கடைசிப் பகுதி கடைக்கு வரும்போது பேஸ்போல் காலம் முடிந்து பெடியளின் கவனம் அமெரிக்கன் ஃபுட்போலுக்குப் போய்விட்டது. விற்கவில்லை.

விற்காத பெட்டிகள் வருசக்கணக்காகக் களஞ்சியத்தில் இடத்தை அடைத்தன. பேர்கர் பிற்காலத்தில் சொன்ன கதையின்படி அவைகளைப் பத்து அட்டை ஒரு சதத்துக்குக்கூடத் தள்ளிப் பார்த்தார், ஒருவரும் வாங்கவில்லை. கடைசியில் 1960 இல் நூற்றுக்கணக்கான பெட்டிகளைப் படகில் ஏற்றி, நியூ ஜேர்சிக் கரையில் இருந்து சில மைல் தூரத்தில் அத்திலாந்திக் கடலில் கொட்டினார்கள். அவரும் கூடப் போனார். கடலில் போன அட்டைகளில் எத்தனையோ 311ஆம் இலக்கம் இருந்திருக்கும். அதுதான் மிக்கி மான்டில்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 311 மான்டிலின் முதலாவது அட்டை இல்லை, அது 1951 இல் போமன் கம்பனி அடித்தது. அந்தக் கடைசிப் பகுதியில் 311 மிக அரிதான அட்டையும் இல்லை. அச்சுத்தாளில் இடம் நிரப்ப 311, 312, 313 மூன்றையும் இரட்டிப்பாக அடித்தார்கள். எனவே பக்கத்தில் இருக்கிற பெயர் தெரியாத வீரர்களின் அட்டைகள் மான்டிலை விட அரிது. அப்படியென்றால் விலையைத் தீர்மானிப்பது அரிதாக இருப்பது மட்டும் இல்லை.

312ஐப் பாருங்கோ. அது ஜாக்கி ரொபின்சன். அறுபது வருசத்துக்கு மேலாகக் கறுப்பர்களை உள்ளே விடாத பெரிய லீக்கில், 1947 ஏப்ரல் 15 அன்று முதல் ஆளாகக் களமிறங்கியவர். அமெரிக்க வரலாற்றில் மான்டிலின் பெயரை விட ரொபின்சனின் பெயர் பெரியது. இரண்டு அட்டையும் ஒரே தாளில், ஒரே அளவில் அச்சானவை, பக்கத்துப் பக்கத்து இலக்கம். ஆனால் விலையில் மான்டில் எவ்வளவோ மேலே. 1950களில் பத்து வயதாக இருந்து, 1980களில் கையில் காசு வந்த வெள்ளைக்கார ஆண்கள்தான் இந்தச் சந்தையை உருவாக்கினார்கள். அவர்கள் தங்கள் சின்ன வயசை வாங்கினார்கள், அந்தச் சின்ன வயசில் நாயகன் மான்டில். இது என்னுடைய வாசிப்பு. வேறு விளக்கம் இருந்தால் எழுதுங்கோ, வாசிக்க ஆசை.

ரொபின்சனுக்காவது அட்டை இருந்தது. ஜோஷ் கிப்சனுக்கு? கறுப்பர்களுக்கான தனி லீக்குகளில் ஆடியவர், பந்தை அவர் அடித்த தூரத்தைப் பற்றி இன்னும் கதை சொல்கிறார்கள். ரொபின்சன் களமிறங்குவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முந்தி, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அமெரிக்காவின் எந்தச் சிகரெட் கம்பனியும் சுவிங்கம் கம்பனியும் அவர் உயிரோடு இருக்கும்போது அவருக்கு அட்டை அடிக்கவில்லை. சேகரிப்பாளர்கள் தேடுகிற கிப்சன் அட்டை, அவர் இறந்த பிறகு 1950-51 காலத்தில் புவர்ட்டோ ரிக்கோவில் வெளிவந்தது. 2024 மே மாதத்தில் அந்த லீக்குகளின் புள்ளிவிபரங்களையும் அதிகாரபூர்வப் பதிவில் சேர்த்தபோது, பேஸ்போல் வரலாற்றிலேயே அதிகூடிய துடுப்பாட்டச் சராசரி கிப்சனுக்குத்தான் என்று ஆனது: .372. முதலிடத்தில் இருப்பவருக்கு அவர் நாட்டில் ஒரு சுவிங்கம் அட்டை இல்லை. தொலைந்த அட்டைகளைப் பற்றி இந்தப் பொழுதுபோக்கு நிறையவே கதைக்கிறது, அச்சடிக்கப்படாத அட்டைகளைப் பற்றி அவ்வளவாக இல்லை.

வீரர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் சொல்ல வேணும். போமன் கம்பனியின் உரிமையாளருக்கும் டொப்ஸுக்கும் இடையில் வீரர்களின் படத்துக்காக நடந்த வழக்கில் 1953 இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஒருவருக்குத் தன் படத்தின் வணிகப் பெறுமதி மீது தனி உரிமை உண்டு என்று நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் சொன்னார். இன்றைக்கு நடிகர்களும் பாடகர்களும் தங்கள் முகத்துக்காக வழக்குப் போடும்போது அமெரிக்கச் சட்டத்தில் போய் நிற்பது இந்தச் சுவிங்கம் சண்டையில். ஆனால் நடைமுறையில் டொப்ஸ் 1956 இல் போமனையே வாங்கிவிட்டது, தனிக்காட்டு ராசா. கீழ்மட்ட லீக்கில் ஆடும் பெடியனிடம் 5 டொலரைக் குடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். பெரிய லீக்குக்கு வந்த பிறகு வருசத்துக்கு 125 டொலர். 1966 இல் வீரர் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற மாவின் மில்லர் உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் இருந்து வந்தவர். டொப்ஸோடு பேசிப் பார்த்தார், சரிவரவில்லை. வீரர்களிடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீங்கோ என்றார். 1968 இல் கம்பனி இறங்கி வந்தது. தொகை 250 டொலராக இரட்டித்தது, அதோடு விற்பனையில் ஒரு வீதமும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு முந்தி வீரர்கள் ஒற்றுமையைப் பழகிய பாடங்களில் ஒன்று இந்த அட்டை.

1970களில் பழைய அட்டைகளைத் தேடுகிறவர்கள் கூடத் தொடங்கினார்கள். 1979 இல் ஜேம்ஸ் பெக்கெற் என்ற புள்ளிவிபரவியல் பேராசிரியர் விலை வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார், 1984 இல் அது மாதச் சஞ்சிகையாக வந்தது. விலை ஏறினால் மேல்நோக்கி அம்புக்குறி, இறங்கினால் கீழ்நோக்கி. பங்குச்சந்தைப் பக்கம் மாதிரியே. 1980 இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று டொப்ஸின் ஏகபோகத்தை உடைத்தது, அடுத்த வருசமே ஃபிளீர், டொன்ரஸ் என்று போட்டிக் கம்பனிகள் வந்தன. 1989 இல் அப்பர் டெக் வந்தது. நல்ல தாள், ஹொலோகிராம், பக்கற் ஒரு டொலரளவில். பத்துப் பன்னிரண்டு வயசுப் பெடியள் அட்டையை விளையாட எடுக்கவில்லை. நேரடியாகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார்கள், எதிர்காலத்தில் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று. தகப்பன்மார் பெட்டி பெட்டியாய் வாங்கி உடைக்காமலேயே அடுக்கினார்கள். சுவிங்கத்தின் கறை அட்டையில் படுகிறது என்ற முறைப்பாட்டால் 1992 இல் டொப்ஸ் தன் பிரதான தொகுதியில் சுவிங்கத்தையே நிறுத்திவிட்டது. சுவிங்கத்தை விற்க வந்த அட்டை சுவிங்கத்தைக் கலைத்துவிட்டது.

பிறகு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுவீங்கள். 1990களின் தொடக்கத்தில் வருசத்துக்கு 8,100 கோடி அட்டைகள் அச்சாகின என்று ஒரு வணிகச் சஞ்சிகை மதிப்பிட்டது. அமெரிக்கர் ஆளுக்கு 300க்கு மேல். எல்லாரும் வைத்திருக்கிறார்கள், எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு. ஒருத்தரும் தொலைக்கவில்லை, ஒரு தாயும் குப்பையில் போடவில்லை. ஆகவே விலை இல்லை. 1994 ஓகஸ்டில் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி அந்த வருச இறுதித்தொடரே இல்லாமல் போனபோது, சரிந்துகொண்டிருந்த சந்தை கீழே விழுந்தது. 1987க்கும் 1993க்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தைச் சேகரிப்பாளர்கள் குப்பைக் காலம் என்றே அழைக்கிறார்கள். அமெரிக்க வீடுகளின் கராஜுகளில் இன்னும் உடைக்காத பெட்டிகள் கிடக்கின்றன. மான்டில் அட்டைக்கு விலை தந்தது கடலும் குப்பைத்தொட்டியும் என்பதை அந்தத் தகப்பன்மாருக்கு ஆரும் சொல்லவில்லை.

எல்லாரிடமும் அட்டை இருந்தால் வேறுபாட்டை எங்கே தேடுவது? மூலையில், ஓரத்தில். 1991 இல் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் அட்டையைப் பூதக்கண்ணாடியால் பார்த்து 1 முதல் 10 வரை தரம் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் மூடிக் கொடுக்கத் தொடங்கியது. 1952 மான்டில் அட்டைகளில் ஆயிரத்துக்கும் மேல் அவர்கள் பார்த்திருக்கிறார்கள், 10 பெற்றவை மூன்றே மூன்று. 9க்கும் 8க்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தியாசம், விலையில் ஒரு வீடு. இந்த அளவுகோலில் எந்தப் பிள்ளையும் கையில் எடுத்து ஆசைதீரப் பார்க்காத அட்டைதான் சிறந்த அட்டை.

பி.எஸ்.ஏ. தரமிட்ட முதலாவது அட்டை ஒரு ஹோனஸ் வாக்னர். அதன் பயணத்தைச் சொன்னால் போதும். 1985 இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி லோங் ஐலண்டில் ஒரு சின்னக் கடையில் 25,000 டொலருக்கு வாங்கினார். 1987 இல் 110,000க்கு விற்றார். 1991 இல் சொதெபிஸ் ஏலத்தில் ஐஸ் ஹொக்கி வீரர் வேய்ன் கிறெற்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளரும் சேர்ந்து 451,000க்கு எடுத்தார்கள். 80 வருசப் பழைய அட்டை, கத்தியால் வெட்டிய மாதிரி நேரான ஓரங்கள். தரம் 8. வேறெந்த வாக்னரும் அதன் கிட்ட வரவில்லை. பிறகு வோல்மார்ட் அதை விளம்பரத்துக்காக வாங்கி 1996 இல் குலுக்கல் வைத்தது. புளோரிடாவில் ஒரு தபால் ஊழியருக்கு விழுந்தது. பரிசுக்கான வரியைக் கட்டவே அவரிடம் காசில்லை, விற்க வேண்டியதாய்ப் போய்விட்டது. ஏலத்தில் 641,500. 2000இல் 1.27 மில்லியன் வரை. 2007 இல் இரண்டு தடவை கைமாறி 2.8 மில்லியன்.

2013 இல் பில் மாஸ்ட்ரோ தன் ஏல நிறுவனத்தின் மோசடிகளுக்காக அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். அந்த வாக்னரின் ஓரங்களை விற்க முந்தி வெட்டியது தான்தான் என்று. கத்தியால் வெட்டிய மாதிரி இருந்ததற்குக் காரணம், கத்தியால் வெட்டியதுதான். அவருக்கு 20 மாதச் சிறை. சந்தையின் விதிப்படி ஓரம் வெட்டிய அட்டைக்குத் தரமே போடக்கூடாது. ஆனால் அந்த அட்டையின் புகழ் குறையவில்லை. மூலை மழுங்கி மடிப்பு விழுந்த இன்னொரு வாக்னர், 10க்கு 3 மட்டும் பெற்றது, 2021 ஓகஸ்டில் 6.6 மில்லியனுக்குப் போனது. தரம் என்று இத்தனை வருசம் சொன்னதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைபட்ட அமெரிக்கா பழைய பெட்டிகளைத் திறந்தது. 2021 மார்ச்சில் தரம் கேட்டு வந்த அட்டைகளின் மலையைத் தாங்க முடியாமல் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. மே மாதத்தில் விஸ்கொன்சினில் டார்கெற் கடை ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் அட்டைக்காகச் சண்டை, ஒருவர் துப்பாக்கியே எடுத்துவிட்டார். டார்கெற் தன் கடைகளில் விற்பனையையே கொஞ்சக் காலம் நிறுத்தியது. இந்தத் தடவை கம்பனிகள் குப்பைக் காலத்தின் பாடத்தைப் படித்திருந்தன. கடலில் கொட்டுவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, தொடக்கத்திலேயே ஒன்றே ஒன்றை அடித்தால் சரி. கௌடியின் 106ஆம் இலக்கம்தான், உடுப்பு மட்டும் வேறு. மைக் ட்ரவுட்டின் கையெழுத்தோடு உலகத்தில் ஒரு பிரதியே உள்ள 2009 அட்டை 2020 இல் 3.9 மில்லியனுக்கு விற்றது. 2022 ஜனவரியில் டொப்ஸின் அட்டை வியாபாரத்தையே ஃபனற்றிக்ஸ் என்ற கம்பனி வாங்கிவிட்டது.

இப்போது புதிதாக வரும் வீரரின் முதலாவது ஆட்டத்தில் அவர் சட்டையின் கையில் ஒரு சின்னத்தைத் தைக்கிறார்கள். ஆட்டம் முடிய அதைப் பிரித்தெடுத்து, கையெழுத்தும் வாங்கி, ஒரே ஒரு அட்டைக்குள் பதிக்கிறார்கள். போல் ஸ்கீன்ஸ் என்ற பந்துவீச்சாளரின் அப்படிப்பட்ட அட்டை, 2024 நத்தாருக்குப் பரிசாக வந்த பக்கற்றுக்குள் இருந்து லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு 11 வயதுப் பெடியனின் கையில் விழுந்தது. ஸ்கீன்ஸின் கழகம் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ், நூறு வருசத்துக்கு முந்தி வாக்னர் ஆடிய அதே கழகம். அட்டையைத் தந்தால் 30 வருசத்துக்கு மைதானத்தில் நல்ல இடத்தில் இரண்டு இருக்கை, ஸ்கீன்ஸோடு சந்திப்பு, கையெழுத்திட்ட சட்டைகள் எல்லாம் தருகிறோம் என்று கழகம் அறிவித்தது. குடும்பம் ஏலத்துக்குக் கொடுத்தது. 2025 மார்ச்சில் 1.11 மில்லியன் டொலர், வாங்கியது ஒரு விளையாட்டுப் பொருள் கடைக் கம்பனி. லொஸ் ஏஞ்சலிஸில் இருக்கிற பிள்ளைக்குப் பிட்ஸ்பேர்க்கில் இருக்கை எதுக்கு? நானாயிருந்தாலும் ஏலத்துக்குத்தான் குடுத்திருப்பன்.